திரையில் எழுத்து நிறமும் பின்புல நிறமும்

திரை எழுத்துக்கான நிறத் தெரிவு என்பது கணினி, கைப்பேசி, பலகைக் கணினி ஆகியவற்றின் திரையில் படிக்கப்படும் எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் ஒன்றோடொன்று பொருந்தும் நிறங்களைத் தேர்ந்தெடுப்பதாகும். கண்ணுக்கு அதிகச் சிரமம் தராமல் நீண்ட நேரம் படிக்க உதவுவதே இதன் நோக்கம். "எந்த நிறம் கண்ணுக்கு நல்லது?" என்று பொதுவாகக் கேட்கப்படுகிறது. ஆனால் படிக்கும் எளிமையைப் பெரிதும் முடிவு செய்வது நிறம் அன்று; எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாடே. இந்த வேறுபாடு மாறுபாடு எனப்படுகிறது. மாறுபாடு போதிய அளவு இருந்து, திரையின் வெளிச்சம் அறையின் வெளிச்சத்தோடு ஒத்துப்போனால், நிறம் பெரும்பாலும் அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும்.

கண் சோர்வின் காரணங்கள்

திரையை நெடுநேரம் பார்ப்பவர்களுக்குக் கண் எரிச்சல், கண் உலர்தல், பார்வை மங்கல், தலைவலி, கழுத்து வலி ஆகியவை ஏற்படலாம். மருத்துவர்கள் இவற்றைக் கணினிப் பார்வை நோய்த்தொகுப்பு என்று அழைக்கின்றனர். இதற்குக் காரணங்கள் பல.

மனிதர் இயல்பாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் இமைக்கின்றனர். திரையைக் கூர்ந்து பார்க்கும்போது இந்த எண்ணிக்கை பெரிதும் குறைகிறது. அதனால் கண்ணின் மேற்பரப்பை நனைக்கும் கண்ணீர்ப் படலம் உலர்ந்துபோகிறது. அருகிலுள்ள பொருளையே தொடர்ந்து பார்ப்பதால் விழிவில்லையைச் சுருக்கும் தசை ஓய்வின்றி உழைக்கிறது. கண்ணாடி தேவைப்படுபவர் அதை அணியாமலிருப்பது, திரையில் சன்னலோ விளக்கோ எதிரொளிப்பது ஆகியவையும் சோர்வைக் கூட்டுகின்றன.

பொருந்தாத நிறங்கள் இந்தப் பட்டியலில் ஒரு காரணம் மட்டுமே. எனினும் பொத்தானை அழுத்தி உடனே மாற்றக்கூடிய காரணம் அது. எழுத்து மங்கலாக இருந்தால் படிப்பவர் கண்ணை இடுக்குகிறார். திரைக்கு அருகே குனிகிறார். ஒரே வரியை மீண்டும் படிக்கிறார். இவ்வாறு நிறத்தில் உள்ள குறை, கண்ணிலும் கழுத்திலும் நோவாக முடிகிறது.

மாறுபாடு: ஓர் எடுத்துக்காட்டு

மாறுபாட்டின் தேவையை ஓலைச்சுவடி எழுதியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எழுத்தாணியால் பனையோலையில் கீறப்படும் எழுத்து, ஓலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. எனவே விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தோ, இலைச்சாற்றைக் கலந்தோ ஓலையின் மீது தடவித் துடைப்பர். மை கீறலில் தங்கிவிட, மற்ற இடம் துலங்கும். இதன் பெயர் மையாடல். எழுத்தின் வடிவம் முன்பே ஓலையில் இருந்தாலும், மாறுபாடு வந்த பிறகே அது படிக்கத்தக்கதாகிறது.

திரைக்கும் இதே விதி பொருந்தும். வெள்ளைப் பின்புலத்தில் வெளிர் சாம்பல் நிற எழுத்தை வைப்பது, மை தடவாத ஓலையைப் படிக்கக் கொடுப்பது போன்றதாகும்.

மாறுபாட்டு விகிதம்

மாறுபாட்டைக் கண்ணால் மதிப்பிடுவதோடு நில்லாமல் எண்ணாலும் அளக்கலாம். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு, இதற்கான வாய்பாட்டைத் தந்தது. 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த திருத்தப் பதிப்புகளிலும் அதே வாய்பாடு தொடர்கிறது.

திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவையாகும். ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் தரப்படுகிறது. மூன்றும் 0 எனில் கறுப்பு. மூன்றும் 255 எனில் வெள்ளை. மாறுபாட்டு விகிதம் மூன்று படிகளில் கணக்கிடப்படுகிறது.

முதற்படியில், இந்த எண்கள் உண்மையான ஒளி அளவுகளாக மாற்றப்படுகின்றன. எண் பாதியானால் ஒளியும் பாதியாவதில்லை. எடுத்துக்காட்டாக, 128 என்பது 255இல் ஏறத்தாழப் பாதி. ஆனால் அது தரும் ஒளி முழு ஒளியில் சுமார் 22 விழுக்காடு மட்டுமே.

இரண்டாம் படியில், மூன்று ஒளிகளும் கண்ணின் உணர்திறனுக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டப்படுகின்றன:

சார் ஒளிர்வு = 0.2126 × சிவப்பு + 0.7152 × பச்சை + 0.0722 × நீலம்

மனிதக் கண்ணுக்குப் பச்சை ஒளியே மிகவும் பளிச்சென்று தெரிகிறது. நீல ஒளி மிகக் குறைவாகத் தெரிகிறது. அதனாலேயே பச்சையின் எடை நீலத்தின் எடையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்காக உள்ளது.

மூன்றாம் படியில், இரு நிறங்களில் ஒளிர்வு மிகுந்ததோடு 0.05ஐக் கூட்டி, அதை ஒளிர்வு குறைந்ததோடு 0.05ஐக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புவதால் கறுப்பும் முழுக் கறுப்பாகத் தெரிவதில்லை. அந்த எதிரொளியைக் கணக்கில் கொள்ளவே 0.05 சேர்க்கப்படுகிறது.

வெள்ளையின் ஒளிர்வு 1, கறுப்பின் ஒளிர்வு 0. எனவே இவற்றின் மாறுபாடு 1.05 ÷ 0.05 = 21. இதுவே மிக உயர்ந்த விகிதம். 21:1 என்று எழுதப்படும். எழுத்தும் பின்புலமும் ஒரே நிறமானால் விகிதம் 1:1. அப்போது எழுத்து கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இயல்பான அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 தேவை என்பது மேற்கண்ட வழிகாட்டுதலின் இடைநிலைத் தரமான 'ஏஏ'. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். 18 புள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்தும், 14 புள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட தடித்த எழுத்தும் பெரிய எழுத்தாகக் கருதப்படும். உயர்நிலைத் தரமான 'ஏஏஏ' முறையே 7:1, 4.5:1 என்ற விகிதங்களைக் கேட்கிறது.

சில நிற இணைகளின் விகிதங்கள்

கீழே உள்ளவை மேற்கண்ட வாய்பாட்டின்படி கணக்கிடப்பட்டவை. அடைப்புக்குள் உள்ள எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் அமைந்துள்ளன.

வெள்ளைப் பின்புலத்தில்:
- கறுப்பு (0, 0, 0) – 21:1
- கருநீலம் (0, 0, 128) – 16:1
- கருஞ்சாம்பல் (51, 51, 51) – 12.6:1
- அடர்சிவப்பு (139, 0, 0) – 10:1
- அடர்பச்சை (0, 100, 0) – 7.4:1
- சாம்பல் (118, 118, 118) – 4.54:1
- சாம்பல் (119, 119, 119) – 4.48:1
- முழுச் சிவப்பு (255, 0, 0) – 4:1
- வெளிர் சாம்பல் (153, 153, 153) – 2.8:1
- முழுப் பச்சை (0, 255, 0) – 1.4:1
- மஞ்சள் (255, 255, 0) – 1.07:1

கறுப்புப் பின்புலத்தில்:
- மஞ்சள் – 19.6:1
- முழுச் சிவப்பு – 5.3:1
- முழு நீலம் (0, 0, 255) – 2.4:1

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, மஞ்சள் என்ற ஒரே நிறம் கறுப்பின் மீது மிக நன்றாகவும் வெள்ளையின் மீது மிக மோசமாகவும் தெரிகிறது. ஆகவே நல்ல நிறம், கெட்ட நிறம் என்று தனித்து எதுவும் இல்லை. நல்ல இணை, கெட்ட இணை என்பனவே உள்ளன. இரண்டாவது, பளிச்சென்று தோன்றும் முழுச் சிவப்பு, வெள்ளையின் மீது 4.5 என்ற எல்லையைக் கூட எட்டவில்லை. முக்கியமான குறிப்பு என்பதற்காக ஒரு பத்தி முழுவதையும் சிவப்பில் அமைத்தால், கறுப்பில் இருப்பதைவிட அதைப் படிப்பது கடினமாகும். சிவப்புத்தான் வேண்டுமெனில் அடர்சிவப்பைப் பயன்படுத்தலாம்.

வெளிர் பின்புலமும் கரும் பின்புலமும்

முற்காலக் கணினித் திரைகள் பெரும்பாலும் கறுப்புப் பின்புலத்தில் பச்சை அல்லது செம்மஞ்சள் எழுத்தைக் காட்டின. அவற்றின் நிறத்தை எதிர்மின் கதிர்க்குழாயின் உட்பூச்சில் இருந்த ஒளிரும் பொருள் முடிவு செய்தது. கண் நலத்துக்காக அந்த நிறங்கள் தெரிவு செய்யப்பட்டன என்று கொள்வதற்கில்லை. 1973இல் உருவான செராக்சு ஆல்ட்டோ கணினி, காகிதத்தைப் போல வெளிர் பின்புலத்தில் கறுப்பு எழுத்தைக் காட்டியது. 1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டோசு இந்த முறையைப் பரவலாக்கியது. 2018, 2019 ஆண்டுகளில் மேக் ஓஎஸ், ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு ஆகிய இயங்குதளங்களில் இருள் பயன்முறை சேர்க்கப்பட்டபின் கரும் பின்புலம் மீண்டும் பரவியது.

செருமனியின் டூசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் ஒப்பிட்டுள்ளனர். 2013இல் வெளியான ஆய்வில் இளையோர், முதியோர் ஆகிய இரு தரப்பினரும் வெளிர் பின்புலத்தில் கறுப்பு எழுத்தாக இருந்தபோதே நுண்ணிய விவரங்களை நன்கு கண்டனர். பிழை திருத்தும் பணியையும் சிறப்பாகச் செய்தனர். அதே குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நன்மைக்குத் திரையின் மொத்த ஒளிர்வே காரணம் என்று காட்டியது. இரு வகைத் திரைகளின் ஒளிர்வையும் சமமாக்கியபோது வேறுபாடு மறைந்துவிட்டது.

இதன் காரணம் கண்பாவையில் உள்ளது. வெளிச்சம் மிகுந்தால் கண்பாவை சுருங்குகிறது, குறைந்தால் விரிகிறது. ஊசித்துளைப் படப்பெட்டியில் துளை சிறிதாக இருந்தால் படம் தெளிவாக விழுவது போல, சுருங்கிய கண்பாவை வழியே விழித்திரையில் விழும் உருவமும் கூர்மையாகிறது. கரும் பின்புலத்தில் கண்பாவை விரிவதால் கண்ணிலுள்ள சிறு குறைகளும் வெளிப்படுகின்றன. குறிப்பாக, உருப்பிறழ்வுக் குறைபாடு எனப்படும் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குக் கறுப்பின் மீதுள்ள வெள்ளை எழுத்து ஓரங்களில் கசிந்து பரவுவது போலத் தோன்றலாம்.

ஆயினும் கரும் பின்புலம் தவறானது என்று முடிவு கட்டிவிட முடியாது. மேற்கண்ட ஆய்வுகள் அளந்தவை பார்வைக் கூர்மையையும் படிக்கும் திறனையுமே. இருட்டறையில் வெள்ளைத் திரை கண்ணைக் கூசச் செய்யும். அங்கே கரும் பின்புலம் இதமானது. கண்புரை போன்ற காரணங்களால் கண்ணினுள் ஒளி சிதறுபவர்களில் பலர் கரும் பின்புலத்திலேயே நன்றாகப் படிக்கின்றனர். வெளிர் பின்புலத்திலிருந்து வரும் மிகுதியான ஒளி கண்ணுக்குள் சிதறி எழுத்தை மூடிவிடுவதே இதற்குக் காரணம். ஓஎல்இடி திரைகளில் கறுப்பு படவணுக்கள் ஒளி உமிழ்வதில்லை என்பதால் மின்கலமும் சேமிக்கப்படுகிறது. ஆனால் அது கருவிக்கான நன்மையே அன்றிக் கண்ணுக்கானது அன்று.

கரும் பின்புலத்தை விரும்புவோர் முழுக் கறுப்பில் முழு வெள்ளையைத் தவிர்ப்பது நல்லது. (18, 18, 18) என்ற மிக அடர்ந்த சாம்பலின் மீது (224, 224, 224) என்ற மங்கிய வெள்ளையை வைத்தால் விகிதம் சுமார் 14:1. படிக்கத் தேவையான மாறுபாடு குறையாமல் கசிவு மட்டும் குறைகிறது. வெளிர் பின்புலம் கூசுகிறது என்போர் பழுப்பேறிய தாளின் நிறத்தை நாடலாம். (251, 240, 217) என்ற பின்புலத்தில் (60, 45, 30) என்ற கரும்பழுப்பு எழுத்து சுமார் 11.7:1 விகிதத்தைத் தரும்.

சிவப்பும் நீலமும் சேரும்போது

கண்ணின் வில்லை எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. நீல ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னும், சிவப்பு ஒளி சற்றுப் பின்னும் குவிய முற்படுகின்றன. எனவே நீலப் பின்புலத்தில் சிவப்பு எழுத்தை வைத்தால் இரண்டையும் ஒருசேரத் தெளிவாகக் காண்பது கடினம். எழுத்து பின்புலத்திலிருந்து விலகி மிதப்பது போலவும் சிலருக்குத் தோன்றும். இந்த இணையின் மாறுபாடு 2.1:1 மட்டுமே என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

நீலத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. நிறங்களை உணரும் கூம்பணுக்களில் நீலத்துக்குரியவை 10 விழுக்காட்டுக்கும் குறைவு. கூர்ந்து பார்க்கப் பயன்படும் விழித்திரையின் நடுப்புள்ளியில் அவை இல்லை. ஆகவே கறுப்பின் மீது மெல்லிய முழு நீல எழுத்தைப் படிப்பது மிகக் கடினம். வெள்ளையின் மீது கருநீல எழுத்து நன்றாகத் தெரிவதற்குக் காரணம் நீலம் அன்று, அதன் கருமையே.

நிறப்பார்வைக் குறைபாடு

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமை ஆண்களிடையே அதிகம் காணப்படுகிறது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு. சரியான விடை பச்சை, தவறான விடை சிவப்பு என்று நிறத்தால் மட்டும் காட்டும் இணையத் தேர்வில், இக்குறையுள்ள மாணவருக்குத் தன் விடை சரியா தவறா என்றே தெரியாமல் போகலாம். நிறத்தோடு சரி, தவறு என்ற குறியையோ சொல்லையோ சேர்ப்பதும், இணைப்புகளுக்கு அடிக்கோடிடுவதும் இதற்குத் தீர்வாகும். ஒளிர்வில் போதிய மாறுபாடு இருந்தால் நிறம் தெரியாதவரும் எழுத்தைப் படித்துவிடுவார்.

தமிழ் எழுத்துகளும் மாறுபாடும்

தமிழ் எழுத்துகளில் பல, மிகச் சிறிய கூறுகளால் மட்டுமே வேறுபடுகின்றன. எரி, ஏரி என்ற சொற்களைப் பிரிப்பது ஒரு சிறு கால். விடு, வீடு என்பவற்றைப் பிரிப்பது ஒரு சுழி. மனம், மணம் என்பவற்றில் சுழிகளின் எண்ணிக்கையே பொருளை மாற்றுகிறது. மெய்யெழுத்தைக் காட்டுவது ஒரே ஒரு புள்ளி.

மாறுபாடு குறையும்போது முதலில் மறைவன இந்தச் சிறு கூறுகளே. மெல்லிய எழுத்துருக்களில் இது இன்னும் மோசமாகும். ஒரு படவணுவின் அகலத்தைவிட மெல்லிய கோட்டைத் திரை முழுக் கறுப்பில் காட்ட இயலாது. அதை இடைப்பட்ட சாம்பல் நிறமாகவே காட்டும். கணக்கில் 4.5:1 இருந்தாலும் கண்ணுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. மாறாக, முழுக் கறுப்பின் மீது பளிச்சிடும் வெள்ளைத் தடித்த எழுத்தில் சுழிகளின் உள்வெளி நிரம்பிவிட்டது போலவும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது போலவும் தெரியலாம்.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டியிருந்தது. பயிற்சி பெற்ற புலவருக்கு அது இயலும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு இயலாது. மங்கிய திரை, இல்லாமற்போன அந்தச் சுமையைக் குழந்தையின் மேல் மீண்டும் ஏற்றுகிறது. அவ்வாறு தடுமாறும் குழந்தைக்குப் படிக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்யும் முன், திரையில் எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது. தமிழ்ப் பாடங்களைத் திரைக்கு ஆயத்தம் செய்வோர் 7:1 என்ற உயர்நிலைத் தரத்தையும், நடுத்தரத் தடிமனுள்ள எழுத்துருவையும், சற்றுப் பெரிய அளவையும் மேற்கொள்வது நன்று.

முதியோரின் தேவை

நாற்பது வயதையொட்டி விழிவில்லையின் நெகிழ்ச்சி குறைந்து, அருகிலுள்ள எழுத்து மங்கத் தொடங்குகிறது. தமிழில் இக்குறைக்கு வெள்ளெழுத்து என்று பெயர். வயது ஏற ஏறக் கண்பாவை சிறுத்து, விழிவில்லை மஞ்சளித்து, விழித்திரையை அடையும் ஒளியும் குறைகிறது. இளைஞர் ஒருவர் அழகாக இருக்கிறது என்று தேர்ந்தெடுக்கும் வெளிர் சாம்பல் எழுத்து, அவருடைய பெற்றோருக்கு வெறும் தாளாகத் தெரியக்கூடும். ஓய்வூதியப் படிவம், மருந்துக் குறிப்பு, வங்கி அறிவிப்பு ஆகியவை திரைக்கு வந்துவிட்ட நிலையில், மாறுபாடு அழகு பற்றிய செய்தியாக மட்டும் இருப்பதில்லை. படிக்க முடியாதவர் தம் கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லி உதவி கேட்க வேண்டியதாகிறது.

நீல ஒளி பற்றிய கருத்து

திரையின் நீல ஒளியே கண் சோர்வுக்குக் காரணம் என்று பரவலாக நம்பப்படுகிறது. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் இதை ஏற்கவில்லை. கணினிப் பயன்பாட்டுக்கென நீல ஒளி தடுப்புக் கண்ணாடிகளை அது பரிந்துரைப்பதுமில்லை. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இத்தகைய கண்ணாடிகள் குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று கூறியது. இரவில் திரையை மஞ்சள் சாயலுக்கு மாற்றுவது சிலருக்கு இதமாக இருக்கலாம். அது விருப்பத்தைப் பொறுத்தது. அதையே மருந்தாகக் கருதலாகாது.

தெரிவு செய்யும் முறை

1. முதலில் திரையின் வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்துப் பார்க்கலாம். திரை விளக்குப் போல எரிந்தால் வெளிச்சத்தைக் குறைக்கவும், தாளைவிட மங்கித் தெரிந்தால் கூட்டவும் வேண்டும்.
2. பகலிலும் வெளிச்சமான அறையிலும் வெளிர் பின்புலத்தில் அடர்நிற எழுத்து ஏற்றது. வெயிலில் கரும் பின்புலம் கண்ணாடி போல எதிரொளிப்பதால் அங்கு அதைத் தவிர்க்கலாம்.
3. மங்கிய ஒளியில் கரும் பின்புலத்தை நாடலாம்; இருட்டில் படிப்பதைவிட ஒரு விளக்கை ஏற்றிக்கொள்வது மேலும் நல்லது.
4. நீண்ட பத்திகளுக்கு மாறுபாடு 7:1க்குக் குறையாமல் இருக்கட்டும். விகிதத்தைக் கணக்கிட்டுத் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன.
5. படங்கள், கோலங்கள், நிறச் சாய்வுகள் ஆகியவற்றின் மீது எழுத்தை நேரடியாக வைக்கக்கூடாது. பின்புலம் மாறும் இடமெல்லாம் மாறுபாடும் மாறிவிடும்.
6. இரு அமைப்புகளில் எது நல்லது என்ற ஐயம் வந்தால், ஒரே பக்கத்தை ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் படித்துப் பார்க்கலாம். முதல் பார்வையில் கவர்ந்த நிறமும், பத்து நிமிடத்துக்குப் பின்னும் இதமாக உள்ள நிறமும் வேறுவேறாக இருக்கலாம்.
7. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர், தொலைவிலுள்ள பொருளை 20 நொடி பார்ப்பதும், நினைவோடு கண் இமைப்பதும் எந்த நிறத் தெரிவுக்கும் துணை நிற்கும்.

இவற்றையெல்லாம் செய்தும் மங்கலோ தலைவலியோ நீடித்தால், அதற்குக் காரணம் திரையின் நிறமாக இல்லாமல் கண்ணின் பார்வைக் குறையாக இருக்கலாம். அந்நிலையில் நிறங்களை மேலும் மாற்றிக்கொண்டிராமல் கண் மருத்துவரிடம் பார்வையைச் சோதித்துக்கொள்வதே சரியான வழியாகும்.